வெள்ளிக்கிழமைப் படங்கள்

1

எங்கள் கம்பெனியில் லீவு கேட்கும் ஃபாரத்தில் காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. வருசா வருசம் ஆடிப்பூரத்துக்கு அந்தக் கட்டத்தில் நான் 'அம்மா பிறந்தநாள்' என்றுதான் எழுதுகிறேன். பொய்யில்லை. என்னைப் பெற்றவள் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிவிட்டது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் எங்களுக்கு அம்மாதானே. ஆக்லாந்தில் மெத்தை தைக்கிற கம்பெனியில் அதை எந்த இங்கிலீசில் சொல்லி விளங்கவைக்க?

சூப்பர்வைசர் தங்கமான மனுசன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லு. இப்போ என்ன வயசு?" என்பார். "ரொம்ப ஆயிருச்சு" என்பேன். "நல்லா இருக்காங்களா?" "நல்லா இருக்காங்க." போன வருசம், "கேக் வெட்டுவீங்களா?" என்று கேட்டார். "இல்லை, வண்டியில் உட்கார வைத்து ஊரே சேர்ந்து இழுக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணை அகல விரித்தார். அதற்கு மேல் விளக்க என் பத்தாம் வகுப்பு இங்கிலீசு போதவில்லை.

ஆடிப்பூரம் இங்கே நடுக் குளிர்காலத்தில் வரும். ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்து வழியும். நானும் என் மனைவி பத்மாவும் குளித்து, விளக்கேற்றி, ஹாலில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிடுவோம். அங்கே காலையில் வடம் பிடிக்கும்போது இங்கே மத்தியானம் சாய்ந்திருக்கும். என் தங்கை ரெங்கநாயகி ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். கூட்டத்துக்குள் போனைத் தூக்கிப் பிடித்து எங்களுக்குத் தேர் காட்டுவது அவள் பொறுப்பு.

போன வருசமும் காட்டினாள். கோவிந்தா சத்தத்தில் போனே அதிர்ந்தது. பத்மா கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று தேர் மறைந்து ரெங்காவின் முகம் வந்தது.

"அண்ணே, ஒரு சாப்ட்வேர் விசயம் கேக்கணும்."

"ஏட்டி, தேர் வருது, சாமியக் காட்டு!"

"தேர் முட்டுக்கட்டையில நிக்கி. அது கெளம்பறதுக்குள்ள சொல்லிருதேன்."

இப்படித்தான் அந்த விசயம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பெருமாளும் தாயாரும் தெருவில் நிற்க, நடுவில்.

2

ரெங்கா ராஜபாளையத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். தினம் பஸ் பிடித்துப் போய் வருகிறாள். சளிப் பரிசோதனை அவள் வேலையில் பாதி. சளியை ஸ்லைடில் தடவிச் சாயம் ஏற்றி, நீல வெளிச்சம் அடிக்கிற ஒரு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் என்று பெயர். சுற்றிலும் கருப்பாக இருக்க, காசநோய்க் கிருமி மட்டும் மஞ்சப்பச்சையாக மினுங்கும். நிறைய மினுங்கினால் சந்தேகமே இல்லை. ஒன்றிரண்டு மட்டும் மினுங்கினால்தான் கஷ்டம். உறுதி செய்ய அந்த நோயாளியை மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

"அனுப்புனா போறாவளாண்ணே?" என்றாள் ரெங்கா. "தேவதானத்துக்காரி ஒருத்தி. களை எடுக்கப் போறவ. மதுரைன்னதும் பயந்து போய்ப் பொறவு எட்டியே பாக்கல. மூணாம் மாசம் தூக்கிட்டு வந்தாவ. பொழைச்சது ஆண்டாள் புண்ணியம்."

இந்தச் சமயத்தில்தான் ஒரு மில்காரர் தயவில் அந்த ஆஸ்பத்திரிக்குப் புது மைக்ராஸ்கோப்பும், அதன் தலையில் மாட்ட ஒரு கேமராவும் வந்திருந்தன. மதுரையில் உள்ள டாக்டரம்மா, "ஆளை அனுப்ப வேண்டாம், படத்தை அனுப்புங்க, நான் பார்த்துச் சொல்லுதேன்" என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு கெடு. கார்த்திகை வரைக்கும் படங்களைப் பார்ப்பார். நம்பும்படி இருந்தால் அதுவே வழக்கமாகிவிடும். இல்லையென்றால் கேமராவைக் கழற்றி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள், பழையபடி மதுரை பஸ்தான்.

படங்களோ நன்றாக வரவில்லை. கண்ணால் பார்த்தால் தெரிகிற கிருமி படத்தில் கலங்கித் தெரிகிறது. கேமராவோடு கூட வந்த சாப்ட்வேர் சரியில்லை, வேறு நல்லதாகப் பாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம்.

"எது நல்லதுன்னு நம்ம கோதைகிட்ட கேட்டுச் சொல்லுங்கண்ணே. அவளும் மைக்ராஸ்கோப்புலதானே இருக்கா?"

அதற்குள் தேர் கிளம்பிவிட்டது. போனைத் திருப்பிவிட்டாள்.

3

கோதை எங்கள் ஒரே மகள். ஆண்டாள் பேரைத்தான் வைத்தோம். இந்த ஊர் அதை முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் அவளை எல்லாரும் 'கோ' என்கிறார்கள். தெற்கே விமானம் ஏறிப் போக வேண்டிய ஊரில், செடிகளின் வேரை ஆராய்ச்சி செய்கிறாள். அவள் போகும்போது பத்மா ஒரு டப்பா பருப்புப்பொடியும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரெங்கா அனுப்பிய கோயில் மஞ்சள் பொட்டலமும் பெட்டியில் வைத்தாள். பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னாள். மஞ்சளைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை. நெற்றியில் ஒன்றும் வைக்காத பிள்ளையிடம் கேட்டு, அவள் ஒரு பதில் சொல்லி, எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். "சாப்பிட்டாச்சா?" என்றால் "ம்." "குளிரா?" என்றால் "ம்." வாட்சப்பில் நான் ஒரு பக்கம் எழுதினால் கட்டைவிரல் ஒன்று வரும். கோபமெல்லாம் இல்லை. அன்பான பிள்ளைதான். படகைக் கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறது, ஆனாலும் தண்ணீர் அதை நகர்த்திக்கொண்டே போகிறது, அதுமாதிரி.

அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நானே ஒரு காரியம் செய்தேன். இருப்பதிலேயே பெரிய கம்பெனி எது என்று விசாரித்து, அந்தச் சாப்ட்வேரை வாங்கித் தங்கைக்குச் சீராகக் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டினேன். ஊரில் இருந்தால் ஆடிக்குச் சேலை, தட்டு என்று கொண்டுபோய் வைத்திருப்பேன். இங்கிருந்து வேறென்ன செய்ய?

போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். எந்த நாட்டில் ஓடப்போகிறது என்றாள். இந்தியா என்றேன். வாங்குவது? நியூசிலாந்து. அப்படியென்றால் வேறு பிரிவு என்றாள். வேறு பிரிவில் ஒருவர் எடுத்தார்.

"நீங்கள் எந்த நிறுவனம்?"

"அண்ணன்" என்றேன்.

அதையும் அவர் தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, ஆராய்ச்சியின் தலைப்பு என்ன, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், கல்விச் சலுகை வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் 'என் தங்கை' என்றே சொன்னேன். முடிவில் ஒரு மாதத்துக்குச் சும்மா ஓட்டிப் பாருங்கள் என்று ஒன்றை அனுப்பிவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்மா இதைச் சொல்லிச் சிரிக்கப்போய், கோதை முதல் தடவையாக 'ம்' என்பதைத் தாண்டிப் பேசினாள்.

"அப்பா, படுத்துப் பார்க்காமல் மெத்தை வாங்கக்கூடாது என்று யார் சொல்வார்?"

"நான்தான் சொல்வேன்."

"அத்தை எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. விலை கூடினது நல்லது என்று நினைத்துவிட்டேன்.

4

அடுத்த நாளே மூன்று பேரும் வீடியோவில் கூடினோம். ரெங்காவுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும். கோதையின் தமிழ் துருப்பிடித்துக் கிடந்தது. முதல் கேள்வியே இப்படி வந்தது:

"அத்தை, உங்கள் வெளிச்சத்துக்கு என்ன வயசு?"

"வெளிச்சத்துக்கு ஏதுத்தா வயசு? அது சூரியன் பொறந்ததுலேருந்து இருக்கு."

"இல்லை அத்தை, விளக்கு. பல்பு. பழசாக ஆனதா?"

"அப்படிக் கேளு. புதுசு. கேமராவும் புதுசு. கம்ப்யூட்டர்தான் எனக்கு முந்தியே வேலைக்குச் சேந்தது."

கோதை சிரித்துவிட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

கரண்ட் போனால் படம் என்ன ஆகும், நெட் அறுந்துபோனால் சாப்ட்வேர் திறக்குமா, படத்தோடு தேதியும் ஸ்லைடு நம்பரும் நிற்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு மூன்று சாப்ட்வேர்களைச் சோதனைக்கு வைத்தாள். ரெங்கா மூன்றுக்கும் பேர் வைத்துவிட்டாள். கேமராவோடு இருந்தது 'கூட வந்தது'. நான் சீர் கொடுக்கப் பார்த்தது 'பெரிய வீட்டுது'. மூன்றாவது, உலகம் பூராவும் உள்ள ஆராய்ச்சிக்காரர்கள் சேர்ந்து எழுதி, யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது. கோதையும் அதைத்தான் வைத்திருக்கிறாள். அது 'ஊர்ப்பொது'.

ஒரே ஸ்லைடை, ஒரே இடத்தை, மூன்றிலும் எடுக்கச் சொன்னாள். பெரிய வீட்டுது பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் நெட் போன அன்றைக்குத் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டது. காசு கொடுக்கும்வரை ஒவ்வொரு படத்துக்கும் குறுக்கே கம்பெனி பேரை வேறு எழுதியது.

"கல்யாண வீட்டு அண்டாவுல பேர் வெட்டுன மாதிரிலா இருக்கு" என்றாள் ரெங்கா. "கிருமியத் தேடுனா எழுத்துதான் தெரியுது. அண்ணே, இந்தச் சீர் எனக்கு வேண்டாம். நீங்க சேலையே எடுத்துக் குடுங்க."

கூட வந்ததில் வேறு சிக்கல். அது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இருட்டாக இருந்தால் இழுத்து வெளிச்சமாக்கிவிடும். கோதை இதைச் சொல்லத் தமிழ் வார்த்தை தேடித் திணறினாள். பத்மாதான் எடுத்துக் கொடுத்தாள். "கல்யாண போட்டோக்காரன் எல்லா முகத்தையும் செவப்பாக்கிருவாம்லா, அது." "ஆமா அம்மா! அதேதான்!" எல்லா முகமும் சிவப்பானால் யார் கருப்பு, யார் சிவப்பு என்று எப்படித் தெரியும்?

ஊர்ப்பொதுவுக்கு அழகு கிடையாது. பட்டன்களெல்லாம் பழைய ரேடியோ மாதிரி. ஆனால் வெளிச்சத்தை ஒரு அளவில் பூட்டி வைத்தால் பூட்டினது பூட்டினதுதான். படத்தை எடுத்த கையோடு சேமித்துவிடுகிறது, கரண்ட் போனாலும் கவலையில்லை. ரெங்காவின் கிழட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓடியது. அதையே எடுத்துக்கொண்டோம். புரட்டாசி பிறந்திருந்தது. நான் ஒரு சனிக்கிழமை விரதத்தை இதற்கென்றே வேண்டிக்கொண்டேன்.

5

நல்லதுதான் எடுத்தோம் என்று இருந்தபோது டாக்டரம்மா போன் செய்திருக்கிறார். சில படம் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம், சில படம் பனிமூட்டமாம். இப்படி மாறி மாறி வந்தால் எதை நம்புவது? கார்த்திகைக்குப் பிறகு பார்க்கமாட்டேன் என்று கெடுவை ஞாபகப்படுத்தியிருக்கிறார்.

கோதை எல்லாப் படத்தையும் வாங்கித் தேதிவாரியாக அடுக்கினாள். கூட வந்ததில் எடுத்தபோது எல்லாமே கலங்கல், வித்தியாசம் தெரியவில்லை. ஊர்ப்பொது வெளிச்சத்தைப் பூட்டி வைத்ததால் இப்போது தெரிந்தது. திங்கள் முதல் வியாழன்வரை கருப்பு நல்ல கருப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் பச்சைப் புகை. சனிக்கிழமை கொஞ்சம். திங்கள் மறுபடி சுத்தம். வாரா வாரம் அதே கதை.

"அத்தை, வெள்ளிக்கிழமை வேறு யாராவது வேலை செய்கிறார்களா?"

"நான்தான் பாக்கேன்."

"சாயம் புதுசாகக் கலக்குகிறீர்களா?"

"திங்கக்கெழமை கலக்குதது." ரெங்காவின் குரல் இறங்கியிருந்தது. "மெசின்லயும் தப்பில்ல, சாப்ட்வேர்லயும் தப்பில்லன்னா, பொறவு என் கையிலதான் தப்புன்னு ஆகுது. அப்படித்தானே? அந்த டாக்டரம்மாவும் அதைத்தான் வாயத் தொறந்து சொல்லாம இருக்காவ."

என் தங்கை அழுது நான் கேட்டது குறைவு. அன்று அழவில்லை, ஆனால் அழுகை பக்கத்தில் வந்து நின்றது. பத்மா போனை வாங்கி, "ஏட்டி, நீ பாத்த கிருமியையெல்லாம் வரிசையா நிக்க வச்சா ராஜபாளையம் பஸ்ஸ்டாண்டு காணாது. ஒன் கையிலயா தப்பு?" என்றாள்.

கோதை யோசித்துவிட்டு, "அத்தை, இந்த வெள்ளிக்கிழமை நீங்கள் லேபுக்குள் போகும்போது போனைப் பையில் போடாமல் மேசைமேல் வையுங்கள். முதலில் இருந்து நான் சும்மா பார்க்கிறேன்" என்றாள்.

6

அந்த வெள்ளிக்கிழமை நான் மத்தியானமே பெர்மிசன் போட்டு வந்துவிட்டேன். போனில் மூன்று கட்டம்: கோதை, நாங்கள், ராஜபாளையம் லேப்.

ரெங்கா வந்தாள். தலையில் கனகாம்பரம். பையை மாட்டினாள். கையைக் கழுவினாள். மைக்ராஸ்கோப்பின் உறையை எடுத்து மடித்து வைத்தாள். எங்களைப் பார்த்து, "ஆரம்பிக்கட்டுமா?" என்றாள். பிறகு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, அலமாரியிலிருந்து ஒரு சின்னச் சம்படத்தை எடுத்தாள். மஞ்சள் குழைத்து மைக்ராஸ்கோப்பின் தலையில் ஒரு பொட்டு. ஸ்லைடை நகர்த்துகிற திருகு இரண்டிலும் ஒவ்வொரு பொட்டு. மேலே குங்குமம். கையைக் கழுவி, கையுறை மாட்டி, அந்தத் திருகைப் பிடித்து முதல் ஸ்லைடை ஏற்றினாள்.

எங்கள் கண்ணுக்கு இதில் ஒன்றுமே தப்பாகத் தெரியவில்லை. நான் ஊரில் மில் வேலையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு வெள்ளியும் மெசினுக்குப் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொட்டதே இல்லை. இங்கே என் தையல் மெசினுக்கும், யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு உண்டு.

கோதை மட்டும் போனுக்குக் கிட்டே வந்தாள்.

"அத்தை, அது மஞ்சளா?"

"ஆமா. கோயில் மஞ்ச. ஏன்?"

"அய்யோ அத்தை... மஞ்சள் அந்த வெளிச்சத்தில் மின்னும். கிருமி மின்னுகிற அதே நிறத்தில், ரொம்ப நன்றாக மின்னும்."

ரெங்கா கையுறையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியில் இலேசாக மஞ்சள். திருகிலிருந்து கையுறைக்கு, கையுறையிலிருந்து ஸ்லைடுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் துடைத்து மூடுவாள், திங்கட்கிழமை சுத்தம்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. படத்துக்காக அல்ல. இனி இந்தப் பிள்ளை என்ன சொல்லுமோ என்று. இதெல்லாம் எதற்கு, மூடப்பழக்கம், என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் தங்கை முகத்தில் எப்படி முழிப்பேன்? ரெங்காவே மெதுவாக, "அப்போ நான் செஞ்சதுதான் கெடுத்திருக்கு. இனி வைக்கல தாயி" என்றாள்.

"வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே அத்தை" என்றாள் கோதை. "இடம்தான் அது இல்லை. கை படாத இடமாகப் பாருங்கள். கையுறைக்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டு இன்னும் ஒரு தடவை கழுவுங்கள்."

ரெங்கா லேபைச் சுற்றிப் பார்த்தாள். மேசைக்குக் கீழே, ஓரத்தில், ஸ்டெபிலைசர் பெட்டி உறுமிக்கொண்டு கிடந்தது.

"இவனுக்கு வச்சிருவோமா? எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கது இவன்தானே. இத்தன நாளும் ஒருத்தரும் இவனக் கண்டுக்கல."

"அவருக்கே வையுங்கள் அத்தை" என்றாள் கோதை. ஸ்டெபிலைசருக்கு மரியாதை கொடுத்தது அவள் தமிழின் குறையா, மனசின் நிறைவா தெரியாது. நான் எழுந்து போய் விளக்கில் எண்ணெய் விட்டேன்.

7

அடுத்த வெள்ளிக்கிழமைப் படம் வியாழக்கிழமைப் படம் மாதிரியே வந்தது. அதற்கடுத்த வெள்ளியும். ரெங்கா நடந்ததை டாக்டரம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். அவர் சிரிக்கவில்லையாம். "காரணம் தெரிஞ்ச தப்பு நல்ல தப்பும்மா. வெள்ளி, சனியில சந்தேகமா இருந்த ஸ்லைடை மட்டும் புதுசா எடுத்துப் பாத்துருங்க" என்றாராம். எடுத்துப் பார்த்தாள். எந்த முடிவும் மாறவில்லை. கார்த்திகை தீபத்துக்கு முன்னாலேயே, கேமரா இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு தேவதானத்துப் பக்கமிருந்து ஒரு இளவட்டம், சந்தேக ஸ்லைடோடு. ஆள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, படம் மட்டும் மதுரைக்குப் போய் வந்தது. உண்டு என்று பதில். மாத்திரையோடு சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டான். "கிருஷ்ணன்கோவிலைக்கூடப் பாக்கல அவன்" என்றாள் ரெங்கா, மதுரை ரோட்டில் கால்வாசித் தூரம்கூடப் போகவில்லை என்ற அர்த்தத்தில். அன்றைக்கு அவள் குரலைக் கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஆடிப்பூரத்துக்குக் கோதை வீட்டுக்கு வந்திருந்தாள். கூப்பிடாமலே. ரெங்கா தேரைக் காட்டினாள். கோதைக்குத் தனியாக வடத்தையும் சக்கரத்தையும் கிட்டே போய்க் காட்டினாள். போனை வைத்த பிறகு கோதை பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து ஆண்டாள் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். கன்னங்கரேலென்ற இருட்டு. அதற்குள் பொன்னும் பச்சையுமாகப் பொடிப்பொடியாக வெளிச்சம், யாரோ அள்ளித் தூவினமாதிரி.

"மஞ்சள் எப்படி மின்னும் என்று பார்க்க அத்தை கேட்டார்கள். அவர்கள் மெசினில் இனி மஞ்சளை விடமாட்டார்களாம். அதனால் நான் எடுத்தேன்."

"மஞ்சள் ஏது?" என்றாள் பத்மா.

"நீ பெட்டியில் வைத்தது. மேசை டிராயரில்தான் இருந்தது."

பத்மா என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன். அத்தனை வருசமும் அது டிராயரில் இருந்திருக்கிறது. பிரிக்கவில்லை. தூரவும் போடவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் வழக்கம்போல, "அம்மா பிறந்தநாள் எப்படிப் போச்சு?" என்றார். நான் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். நட்சத்திரமா என்று கேட்டார்.

"இல்லை சார். அம்மா வீட்டு மஞ்சள். என் மகள் எடுத்தது."